லொரீனையும் சேர்த்து எத்தனை பேர்?

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகையாசிரியர், "பிரபஞ்சத்தில் நம்மைப் போல அறிவுள்ள உயிர்கள் எத்தனை இருக்கும்? நீங்கள்தான் அந்த வேலையிலேயே இருக்கிறீர்களே, எளிமையாக ஒரு கட்டுரை கொடுங்கள்" என்று கேட்டிருந்தார். நானும் என்னவோ கை மேல் விடை வைத்திருப்பவள் மாதிரி சரி என்று சொல்லிவிட்டேன்.

கட்டுரை இப்படி ஆரம்பித்தது:

நமது பால்வெளியில் மட்டும் பத்தாயிரம் கோடிக்கும் அதிகமான விண்மீன்கள்—

அதோடு நின்றது. இந்த வாக்கியத்தை நீங்கள் ஏற்கெனவே நூறு இடத்தில் படித்திருப்பீர்கள். அடுத்த வரியில் "நாம் ஒரு தூசி" என்று வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். தூசி என்று சொல்லிக்கொள்வதில் மனிதர்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது ஆரம்பம்:

காட்டுப்பூண்டு விருந்தில் டென்சில் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

இது ஓடியது. ஆனால் கட்டுரையாக ஓடவில்லை. ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டால் பூதத்தைத்தான் அனுப்ப முடியும்.

2

நான் இருப்பது மேற்கு வர்ஜீனியா மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. இங்கே செல்போன் இல்லை, வைஃபை இல்லை, காற்றில் அலை பரப்பும் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம். காரணம், ஊர் நடுவில் நிற்கும் ரேடியோ தொலைநோக்கி. வெள்ளையாக, வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஊர்க்காரர்கள் அதைச் சட்டி என்பார்கள். சட்டி வானத்தைக் கேட்கிறது. அது நன்றாகக் கேட்கட்டும் என்று பள்ளத்தாக்கே வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது. அது கேட்டதில் ஏதாவது உண்டா என்று பார்க்கிற உத்தியோகம் என்னுடையது. என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் வந்து சேர்ந்தேன். எங்கள் எல்லோரையும் இங்கே டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், தலைவலிக்கு ஒரு மாத்திரை கூடச் சொல்லத் தெரியாதவர்கள் நாங்கள்.

வசந்தம் வந்தால் தீயணைப்பு நிலையத்தில் காட்டுப்பூண்டு விருந்து. பூண்டும் உருளைக்கிழங்கும் பன்றிக்கொழுப்பில் வதங்குகிற வாசனை அடுத்த வாரம் வரை சட்டையில் இருக்கும். அன்று எனக்கு எதிரே டென்சில் டால்மன், ஆட்டுப் பண்ணைக்காரர். பக்கத்தில் அவர் மனைவி லொரீன். அவளுக்குச் சோளரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிட்டுப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"டாக்டரம்மா, மேல எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்க கணக்கு?"

"உறுதியா சொல்ல முடியாது. ஒண்ணுலேர்ந்து பத்து லட்சம் வரைக்கும் இருக்கலாம்."

அவர் பிட்டுக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "என்கிட்ட எத்தனை ஆடுன்னு கேட்டு, ஒண்ணுலேர்ந்து பத்து லட்சம் வரைக்கும்னு நான் சொன்னா என்னைக் கட்டிப்போட்டு வைத்தியம் பாப்பாங்க. உங்களுக்கு சம்பளம்ல குடுக்கறாங்க!"

மேசை முழுக்கச் சிரித்தது. நானும்தான். லொரீன் சிரித்தாளா என்று பார்த்தேன். தெரியவில்லை.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஒலி, "ஊம்" என்பது போல. ஒருநாள் அவள் தனியாக இருந்தபோது ரொட்டித் துண்டு தொண்டையில் அடைத்துக்கொண்டு, டென்சில் தற்செயலாக உள்ளே வந்ததால் பிழைத்தாள். குட்டி போடும் பருவத்தில் அவர் கொட்டகையை விட்டு நகர முடியாது. கொட்டகையோ மேட்டுக்கு அந்தப் பக்கம். கத்தினாலும் வீட்டுச் சத்தம் வராது. கொட்டகையில் இருந்தபடி மனைவியின் மூச்சு அவர் காதில் விழ வேண்டும். இந்தக் கதையில் அதற்கு மேல் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. வேற்றுக்கிரகவாசி வருவார் என்று காத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நான் தவறாக நினைக்க மாட்டேன்.

3

(இது கட்டுரையில் மிஞ்சிய பகுதி. தூக்கி எறிய மனமில்லை.)

எத்தனை பேர் என்று கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரு பெருக்கல் உண்டு. எத்தனை விண்மீன்கள், அவற்றில் எத்தனைக்குக் கோள்கள், கோள்களில் எத்தனை உயிருக்குத் தோதானவை, தோதானவற்றில் எத்தனையில் உயிர் முளைத்தது, முளைத்ததில் எத்தனைக்கு அறிவு வந்தது, அறிவு வந்தவர்களில் எத்தனை பேர் வெளியே கேட்கும்படி குரல் கொடுக்கிறார்கள், கொடுத்தவர்கள் எத்தனை காலம் அழியாமல் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் பெருக்கு. விடை வரும்.

முதல் இரண்டு எண்களும் ஓரளவு தெரியும். மீதி எல்லாம் அவரவர் சுபாவம். நம்பிக்கைக்காரன் போட்டால் வானம் சந்தைக்கடை. சந்தேகக்காரன் போட்டால் சுடுகாடு. உயிர் முளைப்பதை நாம் பார்த்தது ஒரே இடத்தில். ஒரே ஒரு இட்லியைத் தின்றுவிட்டு ஊரில் எத்தனை வீட்டில் இட்லி என்று சொல்லச் சொன்னால் எப்படி?*

* இந்த உவமையை என் சக ஆய்வாளன் ஹாலிஸிடம் சொன்னேன். "இட்லி என்றால்?" என்றான். கட்டுரையின் பாதி நேரம் அதில் போயிற்று.

ஆனால் என்னை நிறுத்தியது ஆறாவது எண். "வெளியே கேட்கும்படி குரல் கொடுக்கிறவர்கள்." கொடுக்க முடியாதவர்கள் அந்தப் பெருக்கலில் பூஜ்யம். இத்தனை வருஷம் அதை எத்தனையோ மேடையில் எழுதிக் காட்டியிருக்கிறேன், ஒரு தயக்கமும் இல்லாமல். விருந்து முடிந்த மறுநாள் எழுதும்போதுதான் கை நின்றது. அந்தக் கணக்கின்படி லொரீன் இல்லை. அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டாள்; கணக்கில் இல்லை. எனக்கு என் கணக்கின் மேலேயே கோபம் வந்தது.

[இங்கே லொரீனின் மனதுக்குள் போய் ஒரு பத்தி எழுதினேன். அவள் ஜன்னல் வழியே மலையைப் பார்க்கிறாள், தன் கல்யாண நாளை நினைக்கிறாள், இத்தியாதி. எடுத்துவிட்டேன். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. வாயில்லாதவள் வாயில் என் வசனத்தைத் திணிப்பது அநியாயம்.]

4

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம்: சந்தேகமாக ஏதாவது கேட்டால், சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த விண்மீனிடமிருந்து வேறு பக்கம் திருப்புவோம். அப்போதும் சத்தம் கேட்டால் அது தரையிலிருந்து வருகிறது, யார் வீட்டு மைக்ரோவேவ் அடுப்போ. திருப்பியதும் நின்று, மறுபடி விண்மீனைப் பார்த்ததும் கேட்டால் மட்டுமே நாற்காலியின் நுனிக்கு வர வேண்டும். அதுவரை என் காலத்தில் நுனிக்கு வந்ததே கிடையாது.

விருந்து நடந்த அந்த ஏப்ரலில் ஒரு காலை, நுனிக்கு வந்தோம். சட்டி வடக்கே மரவாடி மலைக்கு மேல் ஒரு விண்மீனைப் பார்த்தது, சத்தம். தெற்கே திருப்பினோம்; நின்றது. வடக்கே, சத்தம். தெற்கே, மௌனம். இன்னொரு முறை செய்து பார்த்தோம், அப்படியே. ஹாலிஸ் வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். சரித்திரத்தில் இடம்பெறப் போகிறவன் கசங்கிய சட்டையோடு நிற்கக் கூடாதாம். எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கு என்ன.

வெளியே சொல்வதற்கு முன் டிரீமா ஒரு சுற்று வர வேண்டும், அது விதி. கூரையில் ஆன்டெனா வைத்த வண்டியில் பள்ளத்தாக்கைச் சுற்றி வந்து, யார் வீட்டில் எது அலை கக்குகிறது என்று மோப்பம் பிடிக்கிற வேலை அவளுடையது. மதியம் திரும்பி வந்தாள். வண்டியை விட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"தெக்கு மலை," என்றாள். "எங்க பெரியப்பா வீடு."

லொரீன் டிரீமாவின் தாயின் அக்காள்.

"இருக்காது," என்றான் ஹாலிஸ், புதுச் சட்டையில். "தரைச் சத்தம்னா தெக்கே திருப்பும்போதும் கேட்டிருக்கணுமே!"

"என் வண்டி பொய் சொல்லாது. வேணும்னா நீங்களே வந்து பாருங்க. சட்டை அழுக்காயிரும், பரவால்லியா?"

5

(இந்த இடத்தில் எனக்கு டென்சில் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நிஜ ஆள் மேல் சந்தேகம் இல்லை, நான் எழுதுகிற ஆள் மேல்தான். மனைவிக்கு ரொட்டி பிட்டுப் போடுகிறார், ஜோக் அடிக்கிறார். மிகவும் நல்லவராக வந்துகொண்டிருக்கிறார். ஆகவே வாசகர் தெரிந்துகொள்ளட்டும்: டென்சில் குதிரைலாடம் எறிகிற விளையாட்டில் அழுகுணி ஆட்டம் ஆடுவார். அண்டை வீட்டு நாயைப் பற்றி அவர் சொல்லும் வார்த்தைகளை அச்சில் போட முடியாது. யாரிடமும் உதவி கேட்க மாட்டார், செத்தாலும். இந்த மலைக்காரர்கள் பலருக்கு உள்ள வியாதி அது.)

நாங்கள் போனபோது கொட்டகையில் இருந்தார். கையெல்லாம் ஈரம், அப்போதுதான் ஒரு குட்டி விழுந்திருந்தது. தூணில் ஓர் ஆணி. ஆணியில் தொங்கியது, குழந்தை அழுதால் அடுத்த அறையில் கேட்பதற்காக விற்கிறார்களே, கம்பியில்லாத கருவி, அது. அதிலிருந்து ஒரு கடிகாரத்தின் டிக் டிக்கும், அதன் பின்னால் மெதுவாக ஒரு மூச்சும் வந்துகொண்டிருந்தன.

"பெரியப்பா," என்றாள் டிரீமா. "இத வைக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. அதான் பாத்துப் பாத்து வச்சிருக்கேன்."

"பாத்துப் பாத்துன்னா?"

கொட்டகைக் கதவு வழியே கையைக் காட்டினார். தூரத்தில் சட்டி. "அது அந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தா இதப் போட்டுக்குவேன். இந்தப் பக்கம் திரும்ப ஆரம்பிச்சா ஓடிப்போய் அணைச்சுருவேன். அவங்க காதக் குடுத்துக் கேக்கும்போது நாம குறுக்க சத்தம் போட்டா மரியாதையா இருக்குமா?"

ஹாலிஸ் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். புதுச் சட்டையைப் பற்றி அவனுக்கு நினைவில்லை.

"அணைச்ச பிறகு அவங்களுக்கு ஏதாவதுன்னா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குப் போயிருவேன் டாக்டரம்மா. சட்டி மறுபடி திரும்புற வரைக்கும் அவ பக்கத்துல உக்காந்திருப்பேன். இன்னிக்கு என்ன, திரும்பித் திரும்பிப் பாத்துச்சு? நாலு தடவ காப்பி ஆச்சு எங்களுக்கு. குட்டி போடுற மாசத்துல இவ்வளவு நேரம் அவகூட உக்காந்ததே இல்ல."

சட்டிக்கு முதுகிலும் கொஞ்சம் காது உண்டு என்பது அவருக்குத் தெரியாது. எங்கள் யாருக்கும் அதை ஊருக்குச் சொல்லத் தோன்றியதில்லை. சட்டி வடக்கே பார்க்கும்போது அதன் முதுகில் லொரீனின் மூச்சு ஒழுகியது. தெற்கே பார்த்தால் டென்சில் அணைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். ஒரு தொலைதூர நாகரிகம் அனுப்பினால் எப்படி வந்து போகுமோ, அச்சு அசல் அப்படியே வந்து போயிற்று.

எங்கள் சோதனையை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் கேட்கிறோம் என்று தெரிந்து, எங்களுக்கு இடைஞ்சல் கூடாது என்று யோசித்து, எங்கள் அசைவைப் பார்த்துத் தன் அசைவை மாற்றிக்கொண்ட ஓர் அறிவுள்ள உயிரைத்தான் அது கண்டுபிடித்தது. இடம் மட்டும் தெற்கு மலை.

டென்சில் ஆணியிலிருந்து கருவியைக் கழற்றி நீட்டினார். "எடுத்துட்டுப் போம்மா. உன் வேலை."

டிரீமா கையை நீட்டவில்லை. "நான் எதுக்கு பெரியப்பா இந்த வேலைக்கு வந்தேன்!"

"சம்பளத்துக்கு," என்றார் அவர். "புடி. ஆட்ட வித்துர்றேன். நானும் வீட்லயே உக்காந்துக்கறேன், அவ்வளவுதான?"

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். புதுக் குட்டி எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது. அவர் கை தானாகப் போய் அதைத் தாங்கியது.

6

இங்கே எனக்கு முன்னால் சில முடிவுகள் இருந்தன.

முதல் முடிவு: டிரீமா எடுத்துக்கொண்டு போகிறாள். டென்சில் ஆடுகளை விற்கிறார். ஆடுகளை ஏற்றிய கடைசி வண்டி போகிறது. இதை எழுதினால் விமர்சகர்கள் என்னை மதிப்பார்கள். சோகத்துக்கு எப்போதும் ஒரு மதிப்பு உண்டு.

இரண்டாவது முடிவு: எல்லோரும் கண்டும் காணாமல் திரும்பிவிடுகிறோம். மனதுக்கு இதமாக இருக்கும். ஆனால் அப்புறம் சட்டி எதையும் ஒழுங்காகக் கேட்காது. டென்சிலே ஒப்புக்கொள்ளவும் மாட்டார். மரியாதை என்று வந்துவிட்டால் மனிதர் பிடிவாதக்காரர்.

மூன்றாவது முடிவு: அந்த வினாடியில் வானத்திலிருந்து உண்மையிலேயே—

சீ, வேண்டாம்.

நடந்தது இவை எதுவும் இல்லை. வைக்கோலில் உட்கார்ந்திருந்த ஹாலிஸ் தலையைத் தூக்கி, "ஏன், கம்பி இழுத்தா என்ன?" என்றான். அவ்வளவு சின்ன விஷயம். கம்பிக்குள் போகிற சத்தம் காற்றில் கசியாது. சட்டிக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவே ஒரு காலத்தில் பேசிய பழைய கம்பித் தொலைபேசிகள் எங்கள் கிடங்கில் தூசி தின்றுகொண்டிருந்தன.

"இவ்வளவு நாளா ஏன் பெரியப்பா கேக்கல?" டிரீமாவுக்குக் கோபத்தில் குரல் உடைந்தது.

"நீங்கல்லாம் பெரிய வேலையில இருக்கீங்க."

"பெரிய வேலையாம்! மைக்ரோவேவ் பிடிக்கிற வேலை!"

7

மறுநாள் மதியம் கம்பி இழுத்தோம். வானத்தில் உயிர் தேடுகிறவர்கள் சுத்தியலும் ஆணியுமாக வேலிக்கட்டையோரம் நடந்ததை ஊர் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தது. ஒருவர் பீன்ஸ் கொண்டுவந்தார், ஒருவர் ஏணி. அண்டை வீட்டு நாயும் வந்தது. டென்சில் அதைத் திட்டினார், ஆனால் துரத்தவில்லை. ஹாலிஸ் இரண்டு முறை கட்டைவிரலில் அடித்துக்கொண்டான்.

எனக்கு அன்று என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நன்றி தோன்றியது. யாருக்கு என்று தெரியவில்லை. ஆசிரியரே, எத்தனை என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒன்றிலிருந்து பத்து லட்சம், அதில் மாற்றமில்லை. ஒருவேளை நாம் மட்டும்தான் என்றால், இத்தனை விண்மீன்களுக்கு நடுவே, இத்தனை பூஜ்யங்களால் பெருக்கிய பிறகும், ஒருவர் மூச்சு இன்னொருவருக்குக் கேட்க வேண்டும் என்று ஏணியும் பீன்ஸும் கொண்டுவருகிற கூட்டம் ஓர் இடத்தில் உண்டாயிற்று. நான் அந்த இடத்தில் பிறந்திருக்கிறேன். பிறக்காமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இதற்கு மேல் எனக்குக் கட்டுரை எழுத வராது.

வீட்டில் லொரீனின் நாற்காலிக்குப் பக்கத்தில், கடிகாரத்தின் கீழே, ஒரு தொலைபேசியை, ரிசீவரை எடுத்துத் திறந்த நிலையில் வைத்தோம். இன்னொன்று கொட்டகையில். டிரீமாவும் ஹாலிஸும் வாசலுக்கு வெளியே கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே லொரீன் மட்டும். கொட்டகையில் டென்சிலும் நானும் ஆடுகளும்.

"நீங்க மொதல்ல கேளுங்க டாக்டரம்மா. என் ஒரு காது சரியில்ல. உங்களுக்குத்தான் பழக்கம்."

எடுத்துக் காதில் வைத்தேன். கடிகாரம் கேட்டது. மூச்சு கேட்டது. பிறகு, மூச்சு ஓரிடத்தில் நிற்க, வேறு ஏதோ ஒன்று காதில் விழுந்தது.

"என்ன? என்ன சொல்றா?" டென்சிலின் முகம் என் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது.

தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதே என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நாற்காலி முனகியிருக்கலாம். வெளியே சுத்தியல் சத்தம் கம்பியில் ஏறியிருக்கலாம். நான் ரிசீவரை அவருடைய நல்ல காதில் வைத்தேன்.

அவர் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு ரிசீவருக்குள், "இந்தா வந்துட்டேன்," என்றார். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்துவிட்டார், குட்டி போட இருந்த ஆட்டைக் கூட விட்டுவிட்டு.

அவள் கூப்பிட்டாளா? அந்த "ஊம்"தானா, இல்லை அதற்கு மேல் ஏதாவதா? டிரீமா கேட்டாள், ஹாலிஸ் கேட்டான், நீங்களும் கேட்பீர்கள். டென்சில் எதற்கும் பதில் சொல்லவில்லை. நான் எழுத மாட்டேன். எங்கள் வேலையில் ஒரு தொலைநோக்கி மட்டும் கேட்டதை யாரும் நம்ப மாட்டார்கள். தூரத்தில், எங்களோடு சம்பந்தமே இல்லாத வேறொருவர் அதையே கேட்டாக வேண்டும்.

அவர் போன அவசரத்தில் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. தீவன மூட்டையின் மேல் கிடக்கிறது, இணைப்பு அறுபடவில்லை. எனக்கு இந்த ஆட்டைப் பார்க்க வேண்டும். குட்டியின் ஒரு கால் வெளியே வந்துவிட்டது, எனக்கோ ஒன்றும் தெரியாது.

ரிசீவரை நீங்கள் எடுங்கள்.